இந்த கேம் ஏன் இலவசம்?

தேடுபொறியில் ‘இலவச கேம் டவுன்லோடு’ என்று அடித்துப் பாருங்கள். முன்னால் வந்து நிற்கும் தளங்கள் பலவும் ஒரே அச்சில் வார்த்தவை போலிருக்கும். ஒரே பக்கத்தில் மூன்று பச்சைப் பொத்தான்கள். மூன்றிலும் ‘டவுன்லோடு’ என்றே எழுதியிருக்கும். எது கேம், எது விளம்பரம் என்று புதிதாக வருபவருக்குப் பிடிபடாது. ஏதோ ஒன்றை அழுத்தினால், கேட்காத டூல்பாரும் கேட்காத ‘கிளீனர்’ மென்பொருளும் கணினியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இப்படி இரண்டு முறை பட்டவர்கள், இலவச கேம் என்றாலே குப்பை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு எனக்கு வருத்தம் தருகிறது. நான் விளையாடியவற்றில் இன்றும் மனதில் நிற்பவற்றில் பல, என்னிடம் ஒரு காசும் கேட்காதவை.

அவை ஏன் அந்தத் தேடலில் தட்டுப்படுவதில்லை? விளம்பரத்துக்குக் காசு போடுகிறவர் அந்தக் காசை எங்காவது திரும்ப எடுத்தாக வேண்டும். எதையும் விற்காத கேமுக்கு விளம்பரம் போட ஆளில்லை. ஒருவர் வருடக்கணக்கில் ஓய்வு நேரத்தில் உட்கார்ந்து செய்து, ‘எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று வைத்துவிட்டுப் போன கேம் தன்னைத் தானே கூவிக்கொள்ளாது. நாம்தான் அது இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும்.

எந்த இலவச கேமைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது ஒரே கேள்வி: இது ஏன் இலவசம்? செய்தவருக்குப் பிழைப்பு எப்படி நடக்கிறது? விடை தெரிந்துவிட்டால், அந்த கேம் பின்னால் நம்மிடம் என்ன கேட்கும் என்பதும், அதை எங்கே தேடுவது என்பதும் கூடவே தெரிந்துவிடும்.

உள்ளே கடை வைத்திருக்கும் கேம்கள்

அதிகம் கண்ணில் படுவது இந்த வகை. ‘ஃப்ரீ டு பிளே’ என்பார்கள். நுழைவுக்குக் காசில்லை, உள்ளே கடை இருக்கிறது. டீம் ஃபோர்ட்ரஸ் 2 இதற்கு நல்ல பழைய உதாரணம். 2007ல் விலைக்கு வந்த கேம் அது. 2011 ஜூன் மாதம் வால்வ் நிறுவனம் அதை இலவசமாக்கிவிட்டது; அதன்பிறகு அதன் வருமானம் உள்ளே விற்கும் தொப்பிகளையும் மற்ற பொருட்களையும் நம்பியிருக்கிறது.

விலையை எடுத்துவிட்டால் நஷ்டம்தானே என்று தோன்றும். கணக்கு வேறு மாதிரி. டோட்டா 2 போன்ற கேமில் ஒரு ஆட்டத்துக்கு அணிக்கு ஐந்து பேராக, பத்துப் பேர் வேண்டும். நள்ளிரவில் நீங்கள் பொத்தானை அழுத்தினாலும், உங்கள் திறமைக்கு ஏறக்குறைய ஈடான ஒன்பது பேர் சில நிமிடங்களில் கிடைத்தாக வேண்டும். அதற்குப் பெரிய கூட்டம் எந்நேரமும் உள்ளே இருக்க வேண்டும். காசு கொடுக்காமல் விளையாடுபவர்கள்தான் அந்தக் கூட்டம். அவர்கள் இருப்பதால்தான் காசு கொடுப்பவருக்குச் சேர்ந்து விளையாட ஆள் கிடைக்கிறது. இந்த வகை கேம்களில் பெரும்பாலோர் ஒன்றுமே செலவழிப்பதில்லை. சிலர் கொஞ்சம் செலவழிப்பார்கள். மிகச் சிலர் மிக அதிகமாக. அந்த மிகச் சிலருக்குத் தொழிலில் ‘திமிங்கிலம்’ என்றே பெயர்.

கடை இருப்பதே தப்பு என்று நான் சொல்லமாட்டேன். கடையில் என்ன விற்கிறார்கள் என்று பாருங்கள். டோட்டா 2வில் ஹீரோக்களைக் காசுக்கு விற்பதில்லை. விற்பது அவர்களின் உடையும் அலங்காரமும். காசு செலவழித்தவர் பார்க்க அழகாக இருப்பார், பலசாலியாக மாட்டார். பாத் ஆஃப் எக்ஸைல் என்ற கேம் அலங்காரத்தோடு பொருட்களைப் போட்டு வைக்கும் பெட்டிகளையும் விற்கிறது. பல நாள் விளையாடுகிறவருக்கு அந்தப் பெட்டிகள் தேவைப்படும், ஆனால் கதையை முடிக்க அவை வேண்டியதில்லை. இதுவரை நியாயம்.

இதற்கு அடுத்த படியில் நேரத்தை விற்பார்கள். கோட்டைச் சுவர் எழும்ப எட்டு மணி நேரம், அல்லது கொஞ்சம் ரத்தினக்கல். ஐந்து முறை விளையாடியதும் ‘சக்தி’ தீர்ந்துவிடும்; காத்திரு, அல்லது வாங்கு. விளையாட வந்தவரை விளையாடாதே என்று தடுத்துவிட்டு, தடுப்பை நீக்கக் காசு கேட்கும் அமைப்பு இது. இப்படிப்பட்ட கேமை நான் இன்ஸ்டாலே செய்வதில்லை. விளையாட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதன் எல்லா முடிச்சுகளும் அந்தக் காத்திருப்பைச் சுற்றியே போடப்பட்டிருக்கும்.

அதற்கும் அடுத்தது அதிர்ஷ்டத்தை விற்பது. ‘காச்சா’, ‘லூட் பாக்ஸ்’ என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். காசு கொடுத்தால் பொருள் கிடைக்காது. பொருள் கிடைக்கும் வாய்ப்பு கிடைக்கும். 2020ல் வந்த கென்ஷின் இம்பாக்ட்டில் ஐந்து நட்சத்திரக் கதாபாத்திரம் ஒரு முறை இழுக்கும்போது விழ 0.6 விழுக்காடுதான் வாய்ப்பு. 90 முறைக்குள் ஒன்று கட்டாயம் விழும் என்று விதி இருக்கிறது, ஆனால் அது நீங்கள் விரும்பியவராகவே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. அந்த கேமின் உலகம் அழகானது. ஒன்றும் வாங்காமலே நூறு மணி நேரத்துக்கு மேல் சுற்றலாம். ஆனால் கையைக் கட்டிப்போட முடியாதவர்களுக்கும் சிறுவர்களுக்கும் இந்த வகை ஆபத்து. காசுக்கு விற்கும் லூட் பாக்ஸை 2018ல் பெல்ஜியம் சூதாட்டச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது சும்மா இல்லை.

இந்த வகை கேம் எதை எடுத்தாலும், விளையாடத் தொடங்கும் முன் அதன் கடைப் பக்கத்தைத் திறந்து ஐந்து நிமிடம் பாருங்கள். உண்மையான பணத்தை ரத்தினமாக மாற்றி, ரத்தினத்தைச் சீட்டாக மாற்றி, சீட்டை வைத்துத்தான் பொருள் வாங்க வேண்டும் என்றிருந்தால், விலை என்ன என்று நீங்கள் யோசிக்கக் கூடாது என்பதற்காகவே அந்தச் சுற்று. பொருளின் விலை 80 ரத்தினம், விற்கும் கட்டு 60 ரத்தினம் என்று இருந்தால் அதுவும் தற்செயல் இல்லை.

ருசி காட்டுவதும் ஆள் சேர்ப்பதும்

டூம் என்ற கேம் 1993 டிசம்பரில் வந்தபோது, ஒன்பது கட்டங்கள் கொண்ட அதன் முதல் பகுதியை யார் வேண்டுமானாலும் நகலெடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்று அதைச் செய்த ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் விட்டுவிட்டது. ருசி கண்டவர்கள் மீதிப் பகுதிகளைக் காசு கொடுத்து வாங்கினார்கள். ‘ஷேர்வேர்’ என்ற அந்தப் பழக்கத்தின் வாரிசுதான் இன்றைய டெமோ. கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் வருடத்தில் சில முறை ‘நெக்ஸ்ட் ஃபெஸ்ட்’ என்ற பெயரில் டெமோ திருவிழா நடக்கிறது. இன்னும் வெளிவராத கேம்களின் முதல் அரைமணியோ ஒரு மணியோ நூற்றுக்கணக்கில் கிடைக்கும். சில டெமோக்களே முழு கேம் அளவுக்கு இருக்கும். டெல்டாரூன் என்ற கேமின் முதல் அத்தியாயம் 2018ல் முழுசாக இலவசமாகவே வந்தது.

ஆள் சேர்ப்பதற்காகக் கொடுப்பது வேறு. 2018 டிசம்பரில் தொடங்கிய எபிக் கேம்ஸ் ஸ்டோர், வாரம் குறைந்தது ஒரு கேமை இலவசமாகத் தருகிறது. விலைக்கு விற்கும் கேம்தான். அந்த வாரம் மட்டும் விலை இல்லை. கணக்குத் தொடங்கி அந்த நாட்களுக்குள் ‘வாங்கி’விட்டால் அது உங்கள் கணக்கிலேயே தங்கிவிடும். அதே வாரமே டவுன்லோடு செய்ய வேண்டும் என்பதில்லை. கடைக்காரருக்கு இதில் என்ன லாபம் என்றால், உங்கள் கேம்கள் எல்லாம் எந்தக் கடையில் சேர்கிறதோ அந்தக் கடைக்குத்தான் அடுத்த முறையும் போவீர்கள். நமக்கு இதில் கெடுதல் ஒன்றுமில்லை. ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள்: ‘இலவச வார இறுதி’ என்று வருவது வேறு. ஞாயிறு முடிந்ததும் கதவு சாத்தப்படும்.

கொடையாக வந்தவை

இனி நான் உண்மையில் பேச ஆசைப்படும் வகை. ஆங்கிலத்தில் ‘ஃப்ரீவேர்’. செய்தவர் விற்கவில்லை. கடையும் வைக்கவில்லை. கொடுத்துவிட்டார்.

கேவ் ஸ்டோரி என்று ஒரு கேம். ஜப்பானைச் சேர்ந்த டைசுகே அமாயா, பிக்ஸல் என்ற புனைபெயரில், ஏறத்தாழ ஐந்து வருடம் ஓய்வு நேரத்தில் செய்தது. படம் வரைந்தது, இசை அமைத்தது, நிரல் எழுதியது, கதை சொன்னது எல்லாம் அவர் ஒருவரே. 2004 டிசம்பரில் இலவசமாக வெளியிட்டார். ஜப்பானிய மொழியில் இருந்ததை ரசிகர்களே ஆங்கிலத்துக்கு மாற்றினார்கள். அவர்களும் காசு வாங்கவில்லை. பின்னாளில் மெருகேற்றிய பதிப்புகள் விலைக்கு வந்தன. ஆனால் அந்த 2004ஆம் ஆண்டுப் பதிப்பை இன்றும் எடுத்து விளையாடலாம். இன்றைய கேம்கள் ஜிபி கணக்கில் இடம் கேட்கும்போது, இது ஒரு சில பாடல் கோப்புகளின் அளவுகூட இல்லை. குகைக்குள் நினைவிழந்து கண்விழிக்கும் ஒரு சிறிய ரோபோ, முயல் போன்ற மிமிகா இனத்தவர், கையிலிருக்கும் துப்பாக்கி நாம் அடிபடும்போதெல்லாம் பலம் குறைந்துபோகும் அந்த நுட்பமான விதி எல்லாம் ஒரே மனிதரின் கையெழுத்து போல ஒன்றோடொன்று பொருந்தியிருக்கும்.

இன்னொன்று, செலஸ்ட் கிளாசிக். மேடி தார்சன், நோயல் பெர்ரி என்ற இருவர் நான்கே நாளில் செய்தது. பிகோ-8 என்ற குட்டிக் கற்பனைக் கணினிக்காக எழுதப்பட்டது. அதன் திரை 128க்கு 128 புள்ளி, மொத்தம் 16 நிறம். அவ்வளவு குறுகிய இடத்துக்குள் ஒரு மலை ஏறும் கேம். இதிலிருந்துதான் 2018ல் விலைக்கு வந்த செலஸ்ட் பிறந்தது. மூல வடிவத்தை பிரவுசரிலேயே விளையாடலாம், டவுன்லோடுகூட வேண்டாம்.

ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ் வேறு ரகம். டார்ன் ஆடம்ஸ், ஸாக் ஆடம்ஸ் என்ற அண்ணன் தம்பி இருவர் 2006ல் முதலில் வெளியிட்டு, ரசிகர்கள் அனுப்பிய நன்கொடையிலேயே பல வருடம் வாழ்ந்துகொண்டு அதை வளர்த்தார்கள். ஒரு உலகம், அதன் நூற்றாண்டுக் கணக்கான வரலாறு, அதில் வாழும் ஒவ்வொரு குள்ளரின் கவலையும் ஆசையும்கூட அதில் கணக்கிடப்படுகிறது. 2022 டிசம்பரில் படங்களோடு கூடிய பதிப்பு விலைக்கு வந்தது. எழுத்துகளாலேயே திரையை வரையும் ‘கிளாசிக்’ பதிப்பு இலவசமாகவே தொடர்கிறது. முதல் கேமாக இதை எடுக்க வேண்டாம், பழகவே வாரக்கணக்கில் ஆகும்.

இப்படிப்பட்டவை இன்று எங்கே பிறக்கின்றன? பெரும்பாலும் ‘கேம் ஜாம்’களில். ஒரு தலைப்பு கொடுப்பார்கள். 48 மணி நேரத்திலோ 72 மணி நேரத்திலோ ஒரு கேமை முடித்துப் பதிவேற்ற வேண்டும். லுடும் டேர் என்ற ஜாம் 2002லிருந்து நடக்கிறது. பரிசுப் பணத்துக்காக யாரும் வருவதில்லை. ஒரு யோசனை வேலை செய்கிறதா என்று பார்க்க வருகிறார்கள். பாதி கேம்கள் கரடுமுரடாக இருக்கும். ஆனால் பெரிய நிறுவனம் எதுவும் துணியாத யோசனை பத்து நிமிட கேமாகக் கையில் கிடைக்கும்.

இவற்றுக்கான பெரிய சந்தை இட்ச் ஐஓ என்ற தளம். லீஃப் கார்கரன் 2013ல் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் தங்கள் கேமை இங்கே வைக்கலாம். ‘உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்’ என்று பல கேம்களுக்கு விலைக் கட்டம் இருக்கும். புதியவர்கள் அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் விலை கேட்கிறது என்று திரும்பிவிடுகிறார்கள். கட்டத்துக்கு மேலே, ‘வேண்டாம், டவுன்லோடுக்கு அழைத்துப் போ’ என்ற பொருளில் ஒரு சின்ன வரி இருக்கும். அதைத் தட்டினால் போதும். விளையாடிப் பார்த்துப் பிடித்தால் பிறகு வந்து கொடுக்கலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

கட்டற்றவை

ஆங்கிலத்தில் விலை இல்லாததற்கும் கட்டுப்பாடு இல்லாததற்கும் ‘ஃப்ரீ’ என்று ஒரே சொல். அதனால் அவர்களுக்குள் எத்தனையோ விவாதம். நமக்கு அந்தச் சிக்கல் இல்லை: ஒன்று இலவசம், இன்னொன்று கட்டற்றது. மேலே சொன்ன கேவ் ஸ்டோரி இலவசம். கட்டற்ற கேம் என்றால் அதன் நிரலையே யாரும் பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்குக் கொடுக்கலாம். செய்தவர் நாளைக்கு மனம் மாறினாலும், நிறுவனம் மூடினாலும் அந்த கேமை யாரும் திரும்பப் பிடுங்கிக்கொள்ள முடியாது. அதனால்தான் இவை இருபது வருடம் கழித்தும் புதுப் பதிப்போடு வருகின்றன.

தி பேட்டில் ஃபார் வெஸ்நாத் இதில் எனக்கு மிகவும் பிடித்தது. டேவிட் ஒயிட் 2003ல் தொடங்கி வைத்தார். அதன்பிறகு எத்தனையோ பேரின் கை அதில் பட்டிருக்கிறது. சதுரங்கம் போல முறை வைத்து ஆடும் போர் விளையாட்டு, அறுகோணக் கட்டங்களில். எல்வ்கள் என்ற கற்பனை இனத்தவர் காட்டுக்குள் நின்றால் அவர்களை அடிப்பது கடினம்; திறந்த வெளியில் சுலபம். பகலில் மனிதப் படை பலமாக இருக்கும், இரவில் ஆர்க்குகள் என்ற அரக்கர்கள் பலமாகிவிடுவார்கள். அதனால் அந்தி சாயும்போது பின்வாங்குவதா, இன்னும் ஒரு சுற்று தாக்குவதா என்ற கேள்வி ஒவ்வொரு ஆட்டத்திலும் வரும். ஒரு போரில் பிழைத்த வீரன் அனுபவத்தோடு அடுத்த போருக்கு வருவான். அதனால் ஒருவன் செத்தால் உண்மையாகவே வலிக்கும்.

ஓப்பன் டிடிடி இன்னொரு வழியில் வந்தது. கிறிஸ் சாயர் செய்த டிரான்ஸ்போர்ட் டைகூன் டீலக்ஸ் 1990களின் நடுவில் வெளியான கேம்: ரயில், பஸ், கப்பல், விமானம் விட்டு நிறுவனம் நடத்துவது. அதன் இயக்கத்தை லுட்விக் ஸ்ட்ரிகியஸ் என்ற ரசிகர் பிரித்துப் பார்த்து மறுபடி எழுதி 2004ல் வெளியிட்டார். இங்கே ஒரு நுணுக்கத்தைப் புரிந்துகொள்வது நல்லது. கேம் என்பது இரண்டு பாகம். ஒன்று இயந்திரம்: ரயில் எப்படி ஓடும், சரக்குக்கு எவ்வளவு கூலி என்ற விதிகள். இன்னொன்று படமும் ஒலியும். இயந்திரத்தைப் புதிதாக எழுதிவிடலாம், ஆனால் பழைய படங்கள் வேறு ஒருவரின் சொத்து. அதனால் ஆரம்பத்தில் பழைய கேமின் குறுந்தகடு வைத்திருந்தவர்கள்தான் விளையாட முடிந்தது. பிறகு படங்களையும் ஒலிகளையும் ரசிகர்களே புதிதாகச் செய்தார்கள். 2010ல் வந்த 1.0 பதிப்பிலிருந்து யார் வேண்டுமானாலும் எதுவும் வாங்காமல் விளையாடலாம்.

டூமுக்கும் இதே கதைதான். அதன் நிரலை 1997ல் வெளியிட்டார்கள். படங்களும் கட்டங்களும் இன்றும் விற்பனைச் சரக்கு. அவற்றுக்குப் பதிலாகப் புதிதாக வரைந்து கொடுப்பது ஃப்ரீடூம் என்ற திட்டம். ஒரு தளத்தில் ‘இயந்திரம் இலவசம், தரவுக் கோப்புகள் உங்களிடம் இருக்க வேண்டும்’ என்ற மாதிரி எழுதியிருந்தால், இதைத்தான் சொல்கிறார்கள்.

வேகமாக இன்னும் சில: ரோமர், பாரசீகர், மௌரியர் என்று பழங்காலப் படைகளை நடத்தும் 0 ஏடி, நண்பர்கள் ஒரே திரை முன் உட்கார்ந்து ஓட்டும் சூப்பர்டக்ஸ்கார்ட், கட்டிகளால் உலகம் கட்டும் லுவான்டி. கடைசியில் சொன்னதை 2024 வரை மைன்டெஸ்ட் என்று அழைத்தார்கள். அதைத் திறந்ததும் விளையாட ஒன்றும் இல்லையே என்று திகைக்க வேண்டாம். அது ஒரு மேடை. உள்ளே இருக்கும் பட்டியலிலிருந்து வாக்ஸலிப்ரே போன்ற ஒரு கேமை இறக்கிக்கொள்ள வேண்டும்.

ஆண்ட்ராய்டு போனில் இந்த வகையைத் தேட எஃப்-டிராய்டு என்ற தனிக் களஞ்சியம் இருக்கிறது. அங்கே ஷேட்டர்டு பிக்ஸல் டஞ்சன் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் புதிதாக அமையும் பாதாள அறைகள், விளம்பரம் கிடையாது, இணையம் வேண்டாம். பயணத்தில் கையிலிருக்க இதைவிட நல்ல கேம் எனக்குத் தெரியாது.

பழைய கேம்களைப் பற்றி ஒரு வார்த்தை

விற்பனை ஓய்ந்த சில கேம்களை உரிமையாளர்களே இலவசமாக்கியிருக்கிறார்கள். 1994ல் வந்த பினீத் எ ஸ்டீல் ஸ்கை 2003ல் இலவசமானது. கேம்களை விற்கும் ஜிஓஜி தளத்தில் கிடைக்கிறது. 1996ல் வந்த டேகர்ஃபால் கேமை அதன் உரிமையாளரான பெதெஸ்டா நிறுவனம் 2009ல் இலவசமாக்கியது. அதை இன்றைய கணினிக்கு ஏற்ற வடிவில் டேகர்ஃபால் யூனிட்டி என்ற ரசிகர் திட்டம் தருகிறது. உரிமையாளர் சொல்லாமல், ‘பழசுதானே, யாரும் கேட்கமாட்டார்கள்’ என்று வேறு யாரோ வைத்திருப்பவை ‘அபாண்டன்வேர்’. விற்பனை நின்றுபோனதால் உரிமை போய்விடாது. சட்டப்படி அது இலவசமில்லை.

விலைக்கு விற்கும் புது கேமைப் பூட்டு உடைத்துத் தருபவர்களைப் பற்றி என் கேள்வியை மறுபடி கேட்டுப் பாருங்கள். இது ஏன் இலவசம்? உடைத்தவருக்கு என்ன வருமானம்? தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். இந்த மாட்டுக்குப் பல்லைப் பார்த்தே ஆக வேண்டும். ‘இன்ஸ்டால் செய்யும்போது ஆன்டிவைரஸை அணைத்துவிடுங்கள்’ என்று எந்தப் பக்கம் சொன்னாலும் அந்த நொடியே மூடிவிட்டு வெளியே வாருங்கள். கணினியில் சேமித்து வைத்த கடவுச்சொற்களைத் திருடும் நிரல்கள் நுழையும் முக்கிய வாசல்களில் இது ஒன்று.

எப்படித் தேடுவது

‘இலவசம்’ என்ற சொல்லைக் கடைசியில் வையுங்கள். முதலில் உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று தொடங்குங்கள். யோசித்து நிதானமாக ஆடுவதா, விரல் வேகமா, கதையா, கட்டுமானமா? நேரம் எவ்வளவு இருக்கிறது, இருபது நிமிடமா, வார இறுதி முழுக்கவா? அதன்பிறகு ஸ்டீமிலோ இட்ச்சிலோ அந்த வகையைத் தேர்ந்தெடுத்து, விலை இல்லாதவை மட்டும் என்று வடிகட்டுங்கள். இட்ச்சில் புதிர், கதை, பிரவுசரில் ஓடுவது, விண்டோஸ், லினக்ஸ் என்று வடிகட்டிகள் நிறைய உண்டு. பிரவுசரில் ஓடுவதை முதலில் தேர்ந்தெடுத்தால் டவுன்லோடு செய்யாமலே பத்து கேமை ஒரு மாலையில் முயன்று பார்க்கலாம்.

ஒரு கேமின் பக்கத்துக்குப் போனதும் நட்சத்திரத்தைப் பார்த்து மயங்காதீர்கள். ஸ்டீமில் விமர்சனம் எழுதியவர் எத்தனை மணி நேரம் விளையாடினார் என்று கூடவே காட்டும். பத்து நிமிடம் ஆடிவிட்டுத் திட்டியவரை விடுங்கள். 200 மணி நேரம் ஆடிவிட்டு ‘வேண்டாம்’ என்று எழுதியவரின் வாக்கியங்களை வரிவரியாகப் படியுங்கள். கடை எந்த இடத்தில் குறுக்கே வருகிறது என்பதை அவர்தான் சொல்வார். மொத்த மதிப்பீடும் கடந்த 30 நாள் மதிப்பீடும் தனித்தனியாக இருக்கும். பழையது உயர்ந்தும் புதியது சரிந்தும் இருந்தால் சமீபத்தில் ஏதோ மாற்றியிருக்கிறார்கள். பக்கத்தின் ஓரத்தில், உள்ளே வாங்கும் பொருட்கள் உண்டா, வேறு நிறுவனக் கணக்கு வேண்டுமா, ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் இயங்குதளத்தின் ஆழம்வரை போகிறதா என்பதெல்லாம் எழுதியிருக்கும். கடைசியாகச் சொன்னதை வெளிப்படுத்த வேண்டும் என்று 2024லிருந்து ஸ்டீம் கட்டாயமாக்கியிருக்கிறது.

ஒரு நல்ல கேம் கிடைத்தால் அதைச் செய்தவரின் பெயரைத் தட்டுங்கள். நான் கண்டெடுத்தவற்றில் நல்லவை பல இப்படிக் கிடைத்தவை. ஒருவருடைய ஒரு கேம் பிடித்தால் அவர் ஜாமில் செய்த சின்னச் சின்ன கேம்களும் பெரும்பாலும் பிடிக்கும். அவர் யாரைப் பாராட்டிப் பட்டியல் போட்டிருக்கிறார் என்பதையும் பாருங்கள்.

டவுன்லோடு செய்யும் முன்

கேமின் சொந்தத் தளத்திலிருந்தோ தெரிந்த கடையிலிருந்தோ மட்டும் இறக்குங்கள். இரண்டும் தெரியாவிட்டால் விக்கிப்பீடியாவில் அந்த கேமின் பக்கத்தைத் திறந்தால், அதிகாரபூர்வ தளத்தின் சுட்டி வலது பக்கப் பெட்டியிலோ கட்டுரையின் அடியிலோ இருக்கும். தேவைப்படும் நினைவகமும் கிராபிக்ஸ் கார்டும் உங்கள் கணினியில் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய லேப்டாப் என்றால் இந்தக் கட்டுரையில் வந்த கொடை கேம்களும் கட்டற்ற கேம்களும் பெரும்பாலும் சிரமமின்றி ஓடும். அளவையும் பாருங்கள். பெரிய நிறுவனங்களின் இலவச கேம்கள் பல பத்து ஜிபி கேட்கும். இணையக் கட்டணம் அளவுக்கு ஏற்ப என்றால் இலவசம் இலவசமாக இருக்காது.

இறக்கிய கோப்பில் சந்தேகம் வந்தால் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றுங்கள். பல பத்து ஆன்டிவைரஸ்கள் ஒரே நேரத்தில் அதைச் சோதிக்கும். ஒன்றிரண்டு பெயர் தெரியாத நிறுவனங்கள் மட்டும் சிவப்பு காட்டினால் தவறான எச்சரிக்கையாக இருக்கலாம். தெரிந்த பெயர்கள் பலவும் சேர்ந்து காட்டினால் அழித்துவிடுங்கள். இன்னொரு குழப்பம்: தனிநபர் செய்த கேமைத் திறக்கும்போது விண்டோஸ் நீலப் பெட்டி காட்டித் தடுக்கும். அதிகம் பேர் இறக்காத, டிஜிட்டல் கையொப்பம் வாங்காத கோப்பு என்பதுதான் அதன் பொருள். கையொப்பச் சான்றிதழுக்குக் காசு செலவாகும், இலவசமாகக் கொடுப்பவர் பலரும் அதை வாங்குவதில்லை. எங்கிருந்து இறக்கினீர்கள் என்பதில் உறுதி இருந்தால் மட்டும் தாண்டிப் போங்கள்.

இன்ஸ்டால் ஆகும்போது ‘அடுத்து, அடுத்து’ என்று கண்ணை மூடிக்கொண்டு தட்டாதீர்கள். இடையில் ஒரு கட்டத்தில் முன்கூட்டியே டிக் போட்டு வேறு மென்பொருளைச் சேர்த்திருப்பார்கள். இட்ச்சிலும் கட்டற்ற கேம்களிலும் பல நேரம் இன்ஸ்டாலே இருக்காது. ஜிப் கோப்பை ஒரு தனி ஃபோல்டருக்குள் விரித்து, உள்ளேயிருப்பதைத் திறந்தால் போதும். ஜிப்புக்குள் இருந்தபடியே திறந்தால் பல கேம்கள் ஓடாது. புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது.

எங்கே தொடங்குவது என்று இன்னும் தயக்கமாக இருந்தால் இன்று மாலை வெஸ்நாத்தை இறக்குங்கள். அதன் சொந்தத் தளத்திலும் ஸ்டீமிலும் இட்ச்சிலும் இருக்கிறது. முதலில் பயிற்சிக் கட்டத்தை முடியுங்கள். அதன்பிறகு ‘எ டேல் ஆஃப் டூ பிரதர்ஸ்’ என்ற தொடர், நான்கே போர்கள், புதியவர்களுக்கென்றே எழுதியது. சுலப நிலையைத் தேர்ந்தெடுங்கள். எதிரியைத் துரத்தும் முன் பக்கத்திலிருக்கும் கிராமங்களைப் பிடியுங்கள். தங்கம் அங்கிருந்துதான் வரும். காயம்பட்டவர்கள் ஆறுவதும் அங்கேதான்.